பி பிளாக்கின் படைபலம்

ஏ பிளாக் குடியரசுக்கும் பி பிளாக் மக்கள் கூட்டாட்சிக்கும் இடையே, நிலாவின் தென்முனையில், பனிக்குழியைச் சுற்றிக்கொண்டு போனால் வண்டியில் அரை நாள் தூரம். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே குடியிருப்பு. ஒரே நலச் சங்கம், ஒரே தண்ணீர்க் குழாய், பொங்கலுக்கு ஒரே கோலப்போட்டி. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து பணம் கட்டி ஏ பிளாக்கை எடுத்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் பி பிளாக்கை. எட்டு வருடத்துக்கு முன், பனிக்குழித் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு பொதுக்குழுவில் பேச்சு வந்தது. பேச்சு முற்றி நாற்காலிகள் பறந்தன. நிலாவில் ஈர்ப்பு கம்மி என்பதால் வெகுதூரம் பறந்தன. அடுத்த மாதமே இரண்டு கொடி, இரண்டு நாட்டுப்பண், இரண்டு பாதுகாப்பு அமைச்சகம் என்று ஆகிவிட்டது. இரண்டு நாட்டு மக்களையும் கூட்டினால் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வரும் கூட்டம்தான் தேறும்.

பகை என்று வந்துவிட்டால் எதிரியின் பலத்தை அறிய வேண்டும் அல்லவா. அதற்கென்று நாங்கள், அதாவது ஏ பிளாக்காரர்கள், மதிப்பீட்டுத் துறை என்று ஒன்றை வைத்தோம். இயக்குநர் கோமதிநாயகம். பிரிவினைக்கு முன் சங்கத்தின் தோட்டக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். தோட்டம் இருந்ததில்லை, குழு இருந்தது. அந்த அனுபவம் அவருக்குப் புதிய வேலையில் மிகவும் கைகொடுத்தது.

அவருக்குக் கீழே மதிப்பீட்டாளராக இருந்தவள் இசக்கியம்மாள். எதிரி நாட்டுத் தளபதி நாச்சிமுத்துவோடு தினமும் பேசுவது அவள் வேலை. தளபதி என்னவோ பி பிளாக்கில்தான் இருந்தார். அவள் பேசியது அவருடைய நகலோடு.

"நகல்னா போட்டோவா?" என்று கேட்டான் அவள் கணவன் ஆவுடையப்பன். அவன் பம்பு மெக்கானிக். பனிக்குழி எல்லைச் சாவடியில் பம்பையும் பார்த்துக்கொண்டு, துப்பாக்கியையும் வைத்துக்கொண்டு காவல் இருப்பவன். அன்று லீவில் வந்திருந்தான்.

"போட்டோ இல்லங்க. அந்த மனுசன் சங்கத்துக்கு முப்பது வருசம் செயலாளரா இருந்தாருல்லா. ஒரு கூட்டம் விடாம பேசியிருக்காரு, வீட்டுக் கதை மொதக்கொண்டு அம்புட்டும் பதிவுல கெடக்கு. எதுக்குக் கோவப்படுவாரு, எதுக்கு மழுப்புவாரு, எங்கன இருமுவாரு, எல்லாத்தையும் மிஷினு படிச்சுட்டு. இப்ப நாம ஒண்ணு கேட்டா, அவரு என்ன பதில் சொல்லுவாரோ அதையே சொல்லும்."

"அப்ப பொய்யும் சொல்லும்லா."

"சொல்லிச்சு. அமைச்சரு மாதிரி கேட்டோம், பொய். டாக்டர் மாதிரி கேட்டோம், எனக்குச் சக்கரையே கெடையாதுங்காரு. பொறவுதான் தெரிஞ்சுது, அவரு ஒரே ஒருத்தர்கிட்டதான் உண்மை பேசுவாருன்னு."

"யாருகிட்ட?"

"பொண்டாட்டிகிட்ட."

ஆவுடையப்பன் சாப்பிடுவதை நிறுத்தினான். "அப்ப நீ தெனமும் அவருக்குப் பொண்டாட்டியாக்கும்."

"சம்பளத்துக்குத்தான்" என்றாள் இசக்கி.

நாச்சிமுத்துவின் மனைவி பெயர் தெய்வானை. கூட்டத்தில் சிக்கலான முடிவு எது வந்தாலும் நாச்சிமுத்து, "ஊட்ல கேட்டுச் சொல்றனுங்க" என்பார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று நம் ஆண்கள் சொன்னால் அது முடியாது என்பதன் மரியாதையான வடிவம் என்று எல்லோருக்கும் தெரியும். இவர் விசித்திரமானவர், நிஜமாகவே வீட்டில் கேட்டார். அடுத்த கூட்டத்துக்கு வேறு மனிதராக வந்து வேறு மாதிரி வாக்களித்தார். இப்போதும், போன வாரப் பதிவிலும், அதையே சொல்கிறார். அவர் அதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு சின்ன மௌனம் விழும். அதையும் எங்கள் துறை விடவில்லை. 'தளபதி வாய் திறந்தால் அவையே அடங்குகிறது. இரும்புக் கட்டுப்பாடு' என்று எழுதி வைத்தது.

போன வாரப் பதிவு எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். பழைய சங்கத்தின் சர்வர் ஒன்றுதான். இரண்டு நாடும் இன்னும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. கடவுச்சொல்லை மாற்ற இரண்டு பிளாக்கும் சேர்ந்து பொதுக்குழு கூட்ட வேண்டும் என்று சங்க விதி. யார் கூட்டுவது? ஆகவே அவர்கள் கூட்டம் முழுவதையும் நாங்கள் கேட்டோம். எங்கள் அறிக்கை முழுவதையும் அவர்கள் படித்தார்கள். எங்கள் அறிக்கை எங்கள் அமைச்சருக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். எதிரிக்கு அன்று மத்தியானமே கிடைத்துவிடும்.

இசக்கிக்கு ஆரம்பத்தில் கோவைப் பேச்சு வரவில்லை. குரலை இயந்திரம் மாற்றிக் கொடுத்துவிடும். ஆண்டுவிழாவில் தெய்வானை பாடிய பழைய பாட்டுகளிலிருந்து எடுத்த குரல். சொற்கள் மட்டும் அவளுடையதாக இருக்க வேண்டும். முதல் நாள் பேசி முடித்து எழுந்தபோது நகல் கேட்டது:

"ஏன் அம்மிணி, ஒடம்புக்குச் சொகமில்லியா? கதவச் சாத்தச் சொல்லாமப் போறே?"

"எந்தக் கதவுங்க மாமா?"

"என்ன கேள்வி இது. ஊர்ப் பின்கதவுதான். முப்பது வருசமா தெனமும் அதத்தானே சொல்றே. பின்கதவச் சாத்திப்போட்டு வந்து படுங்க மாமான்னு."

பி பிளாக்கின் பின்பக்கம், பனிச் சறுக்குவண்டிகள் வந்துபோகும் பெரிய வெளிக்கதவு அது; ஊரின் காற்றைக் காப்பது அதற்கு உள்ளே இருக்கும் இன்னொரு கதவு. செயலாளர் என்ற முறையில் இரவு அதைச் சாத்துவது அவர் பொறுப்பு. இசக்கி அவசரமாக அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"எங்க சாத்தறது" என்று நகல் பெருமூச்சு விட்டது. "மோட்டாரு போயி வருசமாச்சு. கையால தள்ளோணும்னா எட்டாளு வேணும். தொறந்தேதான் கெடக்குது. நீயும் சொல்லிக்கிட்டேதான் இருக்கறே."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவள் அந்த வாக்கியத்தோடுதான் எழுந்தாள். கொஞ்ச நாளில் வீட்டிலும் 'சாத்திப்போட்டு, குளிச்சுப்போட்டு' என்று வர ஆரம்பித்தது. ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

நகல் சொன்ன உண்மைகள் எளிமையானவை. "வண்டின்னு பேருக்கு ஒரு வரிசை நிக்குது. ஓடறதென்னமோ மூணுதான் அம்மிணி. பசங்க உடுப்பெல்லாம் ஒட்டுப் போட்டது. எனக்கு முழங்காலு வேற மடக்க முடியல. தண்ணியப் பாதிக்குப் பாதி பிரிச்சுக்கிட்டுக் கம்முனு இருந்தாப் போதும்னு இருக்குது."

இசக்கி அப்படியே எழுதினாள். ஓடும் வண்டி மூன்று. பின்கதவு திறந்து கிடக்கிறது. தளபதிக்குப் போரில் விருப்பமில்லை.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. அறிக்கை எந்த மேசைக்குப் போனாலும் அந்த மேசைக்காரர் பாதுகாப்புக்காகக் கால்வாசியாவது கூட்டுவார். பிரிவு அலுவலர் மூன்றை நான்காக்கினார். துணை இயக்குநர் நான்கை ஆறாக்கினார். கோமதிநாயகம் பெரிய மனிதர், பத்தாக்கினார். அமைச்சகத்தில் அது 'இயந்திரப் படைப்பிரிவு' என்று ஆயிற்று. ஒட்டுப்போட்ட உடுப்பு 'பல அடுக்குக் கவசம்' ஆயிற்று. முழங்கால் வலியை 'தளபதி மண்டியிட மறுப்பவர்' என்று மாற்றியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

"எதுக்கு சார் கூட்டணும்?" என்று இசக்கி ஒருமுறை கேட்டாள்.

"கல்யாணத்துக்கு நூறு பேரு வாரான்னா நூத்தி இருவது எலை போடுதோம்லா, அது மாதிரிதான்" என்றார் கோமதிநாயகம். "குறைச்சு எழுதி மாட்டினவன் உண்டு. கூட்டி எழுதி மாட்டினவன் எவனையாவது பாத்திருக்கியா? இல்லைல்லா. போ, போயி வேலையப் பாரு."

படைப்பிரிவைச் சமாளிக்கப் பூமியிலிருந்து ஒரு பீரங்கி வாங்கினோம். எங்களிடமிருந்த எந்த வண்டியிலும் அது ஏறவில்லை. அமைச்சக வாசலில் நிற்கிறது. குழந்தைகள் அதன்மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வருடம் சாவடிக்காரர்களுக்குப் புதுக் கையுறை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். "கையுறை கேட்டா பீரங்கியக் காட்டுதான்" என்று ஆவுடையப்பன் சொன்னான். விரல் இடுக்கில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு காவலுக்குப் போனான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள், புதுப் பதிவை இயந்திரத்துக்கு ஊட்டிவிட்டு இசக்கி பேச உட்கார்ந்தாள். நகலின் குரல் கம்மியிருந்தது.

"தலைவரு கொழந்தவேலு இன்னைக்கு அத்தன பேரு முன்னால என்னையக் கேக்கறாரு. ஏனுங்க, மூணு வண்டிதான் ஓடுதுன்னு எங்கிட்ட அழுவறீங்க. ஏ பிளாக்குக்காரன் என்ன எழுதறான் பாருங்க. மொதல்ல மூணுங்கறான், அடுத்த நாளு நாலு, அப்பறம் ஆறு, பத்து, இப்பப் படையேங்கறான். நாளுக்கு நாளு பயந்து சாகறான். உங்கள நம்பறதா, எதிரிய நம்பறதா? எதிரி எதுக்குங்க நம்மளத் தூக்கிப் பேசோணும்? அப்படீங்கறாரு. எனக்கே அது நியாயமாத்தான் படுது, போ."

இசக்கிக்குத் திருநெல்வேலிப் பேச்சு வந்துவிட்டது. "பொறவு... அப்பறம் என்னங்க மாமா?"

"பொங்கல் முடிஞ்சதும் பனிக்குழியப் புடிக்கோணுமாம். சாவடிய அடிச்சுத் தள்ளிப்போட்டு. மூணு வண்டில போனா நம்ம பசங்க பாதிப் பேரு திரும்ப மாட்டாங்க. அங்க நிக்கறவனுங்களும் யாரு? நம்ம பழைய குழாய் ரிப்பேருப் பசங்கதான். ஒருத்தன் மிஞ்ச மாட்டான்."

அந்தப் பசங்களில் ஒருவன் ஆவுடையப்பன். வேறு எதையும் அவள் யோசிக்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஊட்ல கேட்டுச் சொல்றேன்னேன். யாரும் பேசல. எல்லாரும் குனிஞ்சுக்கிட்டாங்க."

"போக வேண்டாம் மாமா."

"எனக்கு மட்டும் ஆசையா? நீ பின்கதவச் சாத்தச் சொல்லு, நான் போயிப் படுக்கறேன்."

இசக்கி நேரே கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றேவிட்டார்.

"அப்ப அவங்களோட சொந்தப் படைபலத்தையே நம்ம அறிக்கைய வச்சுத்தான் தெரிஞ்சுக்கிடுதாங்க."

"ஆமா சார். அங்க இருந்த மதிப்பீட்டுத் துறையக் கூட மூடிட்டாங்களாம். நம்ம அறிக்கையே போதுமாம்."

"பாத்தியா? ஒரு துறைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா, சொல்லு. ஆண்டறிக்கையில சேத்துரணும்."

"சார், அவங்க சண்டைக்கு வரப்போறாங்க. நாம எழுதினது தப்புன்னு திருத்தி எழுதணும்."

அவர் உட்கார்ந்தார். பொறுமையாக விளக்கினார். கூட்டுவதற்குத்தான் ஒவ்வொரு மேசைக்கும் அதிகாரம் இருக்கிறது. இறக்க வேண்டுமென்றால், முன்பு கூட்டியவர் ஏன் கூட்டினார் என்று விளக்கம் கேட்க வேண்டும். கூட்டியவர்கள் எல்லோருக்கும் அதற்குள் பதவி உயர்வு வந்துவிட்டது. "அமைச்சகச் செயலாளர்கிட்ட போயி நானா விளக்கம் கேக்க முடியும்? அந்தப் பீரங்கிய என்ன செய்ய, திருப்பி அனுப்பவா?"

"எங்க வீட்டுக்காரரு சாவடியில இருக்காரு சார்."

"நல்லது. தைரியமான ஆளு" என்றார் கோமதிநாயகம்.

காபி வரிசையில் நிற்கும்போதுதான் அவளுக்கு அது தோன்றியது. மூன்றோடு கால்வாசி கூட்டலாம், ஆறோடு கூட்டலாம். ஒன்றுமே இல்லாவிட்டால் எதோடு கூட்டுவார்கள்? காபியை வாங்காமலே மேசைக்குத் திரும்பினாள்.

அன்றைய அறிக்கை இதுவரை எங்கள் துறை கண்டதிலேயே சிறியது. 'ஓடும் வண்டி: இல்லை. போருக்கு லாயக்கான ஆள்: இல்லை. படைப்பிரிவு முழுவதும் பழுதாகிவிட்டது. பின்கதவு வழக்கம்போல் திறந்து கிடக்கிறது.' படைப்பிரிவு பொய் என்று சொல்லவில்லை, பழுது என்றுதான் சொன்னாள். ஆகவே யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. பிரிவு அலுவலர் இல்லையோடு கால்வாசி கூட்டிப் பார்த்தார். இல்லைதான் வந்தது. சந்தேகமாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்களும் கூட்டிப் பார்த்துவிட்டுப் போட்டார்கள்.

பி பிளாக்கில் அதை மத்தியானமே படித்தார்கள். அடுத்த பதிவை ஊட்டியதும் நகல் உற்சாகமாக இருந்தது.

"கொழந்தவேலு மூஞ்சி சுண்டிப்போச்சு அம்மிணி. எதிரியே நம்மகிட்ட ஒண்ணுமில்லீங்கறான், அப்ப நாச்சிமுத்தண்ணன் சொன்னதுதான் நெசம்னுட்டாரு. சண்டையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், கம்முனு பொங்கல் வெக்கலாம்னு சொல்லிப்போட்டாங்க. காவலுக்கு நிக்கற பசங்களையும் ஊட்டுக்குப் போகச் சொல்லீட்டேன். பாவம், புள்ளகுட்டியோட இருக்கட்டும்."

அன்று இசக்கி சந்தோஷமாக இருந்தாள். பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனாள், பாட்டுகூட தெய்வானையின் ஆண்டுவிழாப் பாட்டுதான். இரண்டு நாட்டிலும் எத்தனை பேர் தன்னால் பிழைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

எங்கள் அமைச்சரை அவள் மறந்துபோனாள். ஒரு வாரம் கழித்து, அமைச்சர் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஓர் அறிக்கையை முழுவதும் படித்தார். அவ்வளவு சின்னதாக இருந்தது அது. எதிரியிடம் ஒன்றுமில்லை, கதவும் திறந்து கிடக்கிறது என்று தெரிந்தபின் சும்மா இருக்க அவர் என்ன சாமியாரா? ஒரு திறப்பு விழாவில், ரிப்பனை வெட்டிக்கொண்டே, வாய் வார்த்தையாகப் போருக்கு உத்தரவு போட்டார். எங்கள் நாட்டில் ரகசியமாக இருந்த ஒரே விஷயம் அதுதான். எழுத்தில் இல்லையே.

ஆவுடையப்பன் சாவடியிலிருந்து போன் செய்தான்.

"ஏளா, நாளைக்குக் காலைல பி பிளாக்குக்குப் போறோம். பயந்துக்கிடாத. ஒண்ணுமில்லாத ஊருக்குத்தான போறோம். உன் அறிக்கையத்தான் வாசிச்சுக் காட்டினாவ. கீழ உன் கையெழுத்து. பசங்ககிட்ட எம்பொண்டாட்டி எழுதினதுன்னு சொன்னேன்."

"அங்க ஓடுத வண்டி மூணு இருக்குங்க."

"இல்லன்னுதான எழுதியிருக்கு?"

"எழுதினேன். இருக்கு."

"சரி, இப்ப என்ன செய்ய. போகலன்னா ஓடுகாலின்னு உள்ள வைப்பான். பின்கதவு தொறந்துதான கெடக்கு? சடார்னு உள்ள போயி உள்கதவ அறுத்துரலாம்னு சொல்லுதாவ."

உள்கதவை அறுத்தால் பி பிளாக்கின் காற்று மொத்தமும் வெளியே போய்விடும். உள்ளே பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் அந்த மூன்று வண்டியும் கிளம்பிவிட்டால் இவர்களில் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். இது இரண்டும் அவளுக்குத் தெரிந்தது.

"நம்ம வண்டி எத்தன ஓடுது?" என்று கேட்டாள்.

"ரெண்டு. அதுல ஒண்ணு எறக்கத்துல மட்டும்."

கோமதிநாயகத்திடம் போய்ப் பயனில்லை என்று தெரிந்தும் போனாள். போன வாரம் இல்லை என்று எழுதிவிட்டு இன்று மூன்று என்று எழுதினால் போன வாரம் எழுதியது பொய் என்று ஆகிவிடும் என்றார். எப்படியும் அமைச்சருக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும் என்றும் சொன்னார். அதற்குள் வெற்றி விழாவே முடிந்துவிடும்.

ஆக, எழுதினால் உடனே படிப்பவர்கள் எதிரிகள் மட்டும்தான். 'நாளை வருகிறோம்' என்று அவர்களுக்கு எழுதலாம். எழுதினால் குழந்தைவேலு மூன்று வண்டியையும் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்துக் காத்திருப்பார். முதலில் நுழைவது ஆவுடையப்பன். கதவு சாத்தியிருந்தால் மட்டும் போதும். இவர்கள் தட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த வெளிக்கதவை உடைக்கக்கூடியது எங்களிடம் பீரங்கி ஒன்றுதான், அதன்மேல் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவள் நகலின் எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, அந்தப் பின்கதவ யாரு சொன்னா சாத்துவீங்க?"

"யாரு சொன்னாலும் சாத்த மாட்டேன். எட்டாளு சேந்து தள்ளோணும், அப்பறம் தொறக்கறதுக்கும் எட்டாளு. கொழந்தவேலே சொன்னாலும், உங்க வேலையப் பாருங்கன்னுருவேன்." நகல் இருமியது. "நீ நெசமாலும் வேணும்னு சொன்னா எட்டென்ன, தனியாளாத் தள்ளிப்போட்டுத்தான் வருவேன். வேற யாரு பேச்ச நான் கேட்டிருக்கறேன்?"

இசக்கி அறிக்கையை எழுதினாள். நிலைமையில் மாற்றமில்லை என்று போட்டாள். கடைசியில் குறிப்பு என்று தலைப்பிட்டு, 'எதிரித் தரப்பில் இன்று கேட்டது' என்று ஒரே ஒரு வரி சேர்த்தாள்: பின்கதவச் சாத்திப்போட்டு வந்து படுங்க மாமா.

பிரிவு அலுவலருக்கு அந்த வரி புரியவில்லை. புரியவில்லை என்று சொன்னால் மரியாதையாக இருக்காது என்பதால் 'முக்கியமான சங்கேதம்' என்று பக்கத்தில் எழுதினார். துணை இயக்குநர் 'மிக' என்று சேர்த்தார்.

மறுநாள் போர் நடந்தது. மொத்தம் இரண்டு மணி நேரம், அதில் பெரும்பகுதி எங்கள் வீரர்கள் கதவைத் தட்டியதுதான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாளும் போட்டிருந்தது. வரலாற்றில் அந்தத் தாழ்ப்பாள் போடப்பட்டதாக யாருக்கும் நினைவில்லை. காற்று குறைய ஆரம்பித்ததும் திரும்பிவிட்டார்கள். இறக்கத்தில் மட்டும் ஓடும் வண்டியை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தள்ளும்போது ஆவுடையப்பனின் இடது கையுறையில் ஒட்டிய பசை விட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். இசக்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், அவன் மற்றக் கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். "உயிரோட வந்துட்டேம்லா, பொறவு என்ன" என்றான்.

துறையில் அதையும் வீணாக்கவில்லை. எதிரியின் புதிய விரல் உறைவிக்கும் ஆயுதம் பற்றிய முதல் அறிக்கையைக் கோமதிநாயகமே எழுதினார். கால்வாசி கூட்டியதில் இரண்டு விரல் மேலே போய்ச் சேரும்போது இரண்டு கையாகியிருந்தது. ஊடுருவ முடியாத எஃகுக் கோட்டை என்று பின்கதவைப் பற்றித் தனி அத்தியாயம். அதே மாதிரி ஒன்று நமக்கும் வேண்டும் என்று நிதி ஒதுக்கிவிட்டார்கள்.

அடுத்த வாரம் பி பிளாக் கூட்டப் பதிவு வந்தது. ஊட்டுவதற்கு முன் ஒருமுறை கேட்க வேண்டும் என்பது விதி. இசக்கி காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். முதலில் பொங்கல் செலவு பற்றி நீண்ட சண்டை. பிறகு தலைவர் குழந்தைவேலுவின் குரல்.

"நாச்சிமுத்தண்ணா, அன்னைக்கு நீங்க போயிக் கதவத் தள்ளுனதாலதான் நாங்க எல்லாம் உசுரோட இருக்கறோம். அதுல மாத்துப் பேச்சில்ல. ஆனா கதவச் சாத்தோணும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? ஏ பிளாக்கு அறிக்கைல கடைசில ஏதோ ஒரு வரி, அதப் படிச்சதும் எந்திரிச்சு ஓடுனீங்களாமா. அது என்னங்க வரி?"

"அது ஊட்ல சொல்றதுங்க" என்றார் தளபதி.

வழக்கமான அந்த மௌனம் விழுந்தது. இந்த முறை குழந்தைவேலு மெதுவாக அதைக் கலைத்தார்.

"அண்ணி போயி ஆறு வருசமாச்சுங்களேண்ணா."

"ஆமாங்க." தளபதி இருமினார். "அதனாலதான் ஒரு நிமிசங்கூட யோசிக்கல. ஓடிப் போயிச் சாத்திப்போட்டேன்."

இசக்கி காதிலிருந்து எடுத்து வைத்தாள். அந்தப் பதிவை இயந்திரத்துக்கு ஊட்ட வேண்டியது அவள் வேலை. ஊட்டினால் நகலுக்கும் தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பொங்கல் செலவுச் சண்டையை மட்டும் ஊட்டினாள். மிச்சத்தை அழித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்டாள்.